பக்கத்து வீட்டு தூக்கு வாளி

கேள்வி: சென்னை குரோம்பேட்டைலயே பொறந்து வளர்ந்தவ நான். கணவருக்கு பேங்க்ல டிரான்ஸ்ஃபர், ஜூன்ல திருச்சி உறையூருக்கு வந்தோம். 8 மாசம் ஆகியும் ஒட்டவே மாட்டேங்குது. பேச ஆள் இல்ல, பார்த்தா சம்பளம் எவ்வளவு, என்ன ஆளுங்கன்னு கேக்குறாங்க. ஆடிப்பெருக்குக்கு பக்கத்து வீட்டு ஆன்ட்டி (பேரு தெரியல) ஆத்துக்குக் கூப்பிட்டாங்க, கூட்டமா இருக்கும்னு போகல, அப்புறம் கலந்த சாதம் கொடுத்து விட்டாங்க, அந்தத் தூக்கு கூட இன்னும் எங்க கிச்சன்லதான் கிடக்கு. வெள்ளிக்கிழமை ஆனா பொண்ணோட ரயிலேறி அம்மா வீட்டுக்கு வந்துடறேன். அஞ்சாவது படிக்கிற அவளும் "நம்ம ஊருக்கு எப்பம்மா போவோம்"னு அழறா. கணவர் திரும்ப டிரான்ஸ்ஃபர் கேக்க மாட்டேங்குறார். என்ன செய்ய?

பதில்: தூக்க திருப்பிக் கொடுங்க.

ஆடி 18 வந்தது ஆகஸ்ட்ல, இப்ப தை முடியப் போகுது, நடுவுல விநாயகர் சதுர்த்தி வந்துச்சு நாலு கொழுக்கட்டை போட்டுக் கொடுத்திருக்கலாம், நவராத்திரிக்கு சுண்டல், தீபாவளிக்கு முறுக்கு, கார்த்திகைக்குப் பொரி உருண்டை, பொங்கலுக்குப் பொங்கல்... ஒண்ணுத்துக்கும் நீங்க ஊர்லயே இல்ல, இல்லையா? மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல ஏறியிருப்பீங்க. அடுத்த வீட்டுப் பாத்திரத்த வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது, ஒரு கரண்டி சக்கரையாவது போட்டுக் கொடுன்னு எங்கம்மா சொல்லும், உங்கம்மாவும் சொல்லியிருப்பாங்க. நீங்க வெறும் பாத்திரமாக்கூடக் கொடுக்கல.

ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்குக் கூப்பிடறதுன்னா என்ன நினைச்சீங்க, பிக்னிக்கா? மஞ்சள் கயிறு மாத்திக்கிட்டு, காதோலை கருகமணி ஆத்துல விட்டு, காப்பரிசி வச்சுக் கும்பிடற நாள் அது. வந்து ரெண்டு மாசமான ஒருத்திய அதுக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னா தன் வீட்டுப் பொண்ணா நினைச்சுக் கூப்பிட்டிருக்காங்க. நீங்க போகல, அதுக்கும் கோச்சுக்காம சோறு கொடுத்தனுப்பிருக்காங்க. அவங்க பேரு தெரியாதுன்னு எழுதறீங்க, அதுவும் பிராக்கெட்ல! பேச ஆள் இல்லன்னு சொல்ல எப்படி மனசு வந்துச்சு?

என்ன ஆளுங்கன்னு கேக்குறது தப்புதான், அத நான் நியாயப்படுத்த மாட்டேன். பதில் சொல்லாம கத்தரிக்காய் என்ன விலைன்னு திருப்பிக் கேளுங்க, புரிஞ்சிக்குவாங்க. சம்பளம் கேக்குறது வேற, அது வெறும் வாய், குரோம்பேட்டைலயும் கேப்பாங்க.

எனக்கு நிஜமா கோவம் வர்றது பொண்ணு விஷயத்துலதான். வாராவாரம் 330 கிலோமீட்டர் இழுத்துட்டுப் போனா அவளுக்கு சனி ஞாயிறு விளையாட ஒரு ஃப்ரெண்ட் எப்படிம்மா கிடைப்பா? அவ அழற அழுகை உங்களோடது. இன்னொண்ணு, ராத்திரி ரெண்டு மணிக்கு அவளுக்குக் காய்ச்சல் கொதிச்சா, உங்கம்மா சென்னைலேர்ந்து வர விடிஞ்சிடும், அன்னிக்கு நீங்க தட்டப்போற கதவு பேரு தெரியாத அந்த ஆன்ட்டி கதவுதான். அக்கம்பக்கத்த பார்த்துக்கிறது நேரமிருந்தா செய்யற வேலைன்னு இப்ப எல்லாரும் நினைக்கிறாங்க, நான் அப்படி நினைக்கல, மாமியார் நாத்தனார் மாதிரி அதுவும் ஒரு பொறுப்பு. உங்க வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேக்கணும், வாரக் கடைசில மனுஷன் தனியா என்ன சாப்பிடறார், அத ஒரு வரி கூட எழுதல நீங்க.

டிரான்ஸ்ஃபர் பத்தி எங்கிட்ட கேக்காதீங்க. உறையூர்ல வெக்காளியம்மன் இருக்கா, கூரை கூட இல்லாம வெயில்லயும் மழைலயும் உக்காந்திருக்கா, ஊரே வேண்டுதல சீட்டுல எழுதி அங்க சூலத்துல கட்டுது, நீங்க பக்கத்துலயே இருந்துக்கிட்டு எனக்கு லெட்டர் போடறீங்க!

இந்த வெள்ளிக்கிழமை ரயில் வேணாம். சனிக்கிழமை சாயங்காலம் கேசரியோ அதிரசமோ உங்க கையால செஞ்சு (கடை ஸ்வீட் கூடாது) தூக்குல போட்டு, பொண்ணு கைல கொடுத்துக் கூட்டிட்டுப் போங்க. சாக்கு சொல்லாதீங்க, "ரொம்ப லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. மூஞ்சிய கொஞ்சம் தூக்கி வச்சிருப்பாங்க, வச்சிருக்கட்டும், ஆறு மாசம் ஆச்சில்ல. காபி கொடுத்தா வேணாம்னு சொல்லாம உக்காந்து குடிங்க.

அதுக்கு முன்னாடி தூக்க நல்லா தேச்சுக் கவுத்துப் பாருங்க, அவங்க பேரோ அவங்கம்மா பேரோ வெட்டியிருக்கும். மூடியையும் இப்பவே தேட ஆரம்பிங்க.