வருடத்துக்கு 4,000 கி.மீ.தான் ஓடுகிறது, ஆல்டோவுக்கு ஆயில் மாற்ற வேண்டுமா?

பெங்களூரில் அல்சூரிலிருந்து எம்.ஜி. ரோடு வரை போய்வரும் பழைய 796 சிசி ஆல்டோ என்கிறீர்கள். கட்டாயம் மாற்றுங்கள். கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள்.

அது மூன்று சிலிண்டர் இன்ஜின். சிக்னலில் நிற்கும்போதும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது, மீட்டர் மட்டும் நகராது. அதோடு, நான்கைந்து கிலோமீட்டரில் வண்டியை நிறுத்திவிட்டால் ஆயில் முழுதாகச் சூடேறாது. உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். மோர் திரிந்த மாதிரி வெள்ளைப் பிசுக்கு இருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். வாரம் ஒருமுறை ஹெப்பால் தாண்டி நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் தெளிந்துவிடும். கூலன்ட்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது என்றால் விஷயம் வேறு, ஹெட் கேஸ்கெட்டை, அதாவது இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகட்டை, சோதிக்கச் சொல்லுங்கள்.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். என் வண்டியில் ஒரு மெக்கானிக் ஊற்றிவிட்டார். அப்புறம் திறந்தால் கெட்டிலுக்குள் படிவது போல உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு! மனசே ஆறவில்லை. கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், இரண்டும் போதும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள்: டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் பட்டை. இந்த இன்ஜினில் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட். ஓடாவிட்டாலும் வயதாகும். எப்போது மாற்றியது என்று பில் இல்லையென்றால் இப்போதே மாற்றிவிடுங்கள்.