முழுநேர வேலையில் இருந்துகொண்டே ஆன்லைனில் தொழில்முறை முனைவர் பட்டம் படிக்க முடியுமா?

பதினைந்து வருட அனுபவம் இருக்கிறது, வேலையை விட முடியாது, எட்.டி. (கல்வி), டி.பி.ஏ. (வணிக நிர்வாகம்), டி.என்.பி. (நர்சிங்) மாதிரி ஒரு முனைவர் பட்டத்தை ஆன்லைனில் படித்து முடித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் முடித்திருக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ், படித்தது டி.என்.பி. மூன்று வருடத்தில் முடிப்பதாகத் திட்டம், மூன்றரை ஆனது. அந்த அரை வருடம் எங்கே போனது என்பதுதான் இந்தப் பதிலில் பெரும்பகுதி.

இது பிஎச்.டி.யின் சுலபமான வடிவம் என்று நினைத்துச் சேர்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிஎச்.டி. உலகத்துக்குப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லச் சொல்கிறது. தொழில்முறை முனைவர் பட்டம் ஏற்கனவே தெரிந்த ஒன்று உங்கள் இடத்தில் ஏன் நடக்கவில்லை என்று கேட்கிறது. இந்த வேறுபாடு துறைக்காரர்களுக்கே தெளிவாக நாளானது. கல்வியில் எட்.டி. பட்டம் ஹார்வர்டில் 1920-களிலேயே வந்துவிட்டது. ஆனாலும் அது பிஎச்.டி.யின் மெலிந்த நகலாக இருக்கிறது என்று சொல்லி, அதைச் சீரமைக்க 2007-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில தனியாகக் கூட்டுசேர வேண்டியிருந்தது. நர்சிங்கில் டி.என்.பி. இன்னும் புதியது. முதல் படிப்பு 2001-இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2004-இல் அமெரிக்க நர்சிங் கல்லூரிகளின் சங்கம் அதை ஆதரித்துத் தீர்மானம் போட்டது.

ஆன்லைன் பகுதியை நினைத்துப் பயப்படாதீர்கள். வாராவாரம் புதன்கிழமைக்குள் விவாதப் பக்கத்தில் ஒரு பதிவு, ஞாயிறுக்குள் இரண்டு பேருக்குப் பதில், இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை, எப்போதாவது நேரலை வகுப்பு. நைட் டியூட்டி முடித்து வந்து தூங்காமல் எழுதிய கட்டுரை எதுவும் உருப்படவில்லை. தூங்கி எழுந்து ஒன்றரை மணி நேரத்தில் எழுதியவை தேறின. முதல் நாளிலிருந்தே ஸோட்டெரோ மாதிரி ஒரு மேற்கோள் மென்பொருளைப் பழகிக்கொள்ளுங்கள். நான் இரண்டாம் வருடம்தான் பழகினேன், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வேலை செய்யும் இடமே ஆய்வுக் களமாகிவிடும்.

என் தலைப்பு படுக்கைப் புண். எழுந்து திரும்ப முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பிரிவின் விதி. யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்க 1980-களிலிருந்தே பிரேடன் அளவுகோல் இருக்கிறது: ஆறு கேள்விகள், 6 முதல் 23 வரை மதிப்பெண், குறைந்தால் ஆபத்து. இதில் யாருக்கும் தெரியாதது ஒன்றுமில்லை. சார்ட்டைப் பார்த்தால் பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எல்லாம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும். புண் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். பல இரவுகளில் அந்த நான்கு பதிவுகளும் விடிகாலை ஹேண்டோவருக்கு, அதாவது அடுத்த டியூட்டிக்காரரிடம் ஒப்படைப்பதற்கு, பத்து நிமிடம் முன்னால் ஒரே மூச்சில் போடப்பட்டவை. நானும் போட்டிருக்கிறேன். மின்னணுப் பதிவேட்டில் நோயாளியைத் திருப்பிய நேரம் ஒரு பெட்டியில் இருக்கும். அதைத் தட்டச்சு செய்த நேரம் பின்னால் தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உண்மை வெளியே வந்துவிடும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு இப்படிப் பார்க்கத் தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றியது. ஆனால் அதை எடுத்தால் நான் காட்டிக்கொடுப்பது என்னோடு டீ குடிக்கிறவர்களை.

இந்த இடத்தில்தான், ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு உதவியது. அதுவரை அந்தக் குழுவை ஒரு முட்டுக்கட்டை என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர், உங்கள் ஆய்வுக் கேள்வித்தாளை நிரப்ப மாட்டேன் என்று சொல்ல முடியுமா?" நியாயமாகச் சொன்னால், முடியாது. டியூட்டி பட்டியல் போடுவது நான். அதனால் கேள்வித்தாளை வேறு பிரிவின் பயிற்சியாளர் ஒருவர் பெயரில்லாமல் வாங்கினார். பதிவேட்டுத் தகவலில் நர்ஸின் அடையாளத்தை நீக்கித் தகவல் பிரிவே எனக்குக் கொடுத்தது. எந்த இரவு யார் டியூட்டி என்று எனக்கு நினைவிருக்கலாமே என்று தேதியையும் எடுத்துவிட்டார்கள். அப்போது கொஞ்சம் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அந்த ஒரு காரணத்தால்தான் பிரிவில் யாரும் என்னிடம் பேசுவதை நிறுத்தவில்லை.

மாற்றத்தைச் சின்னதாகத் தொடங்கினோம். திட்டமிடு, செய்து பார், அளந்து பார், திருத்து என்ற சுற்றைத் தரமேம்பாட்டுப் பாடத்தில் எல்லோரும் படிப்பார்கள். எங்கள் முதல் சுற்று ஒரே வாரத்தில் படுத்துவிட்டது. இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து இரட்டைப்படை மணிகளில் திருப்புவது என்று வைத்தோம். ஆனால் நள்ளிரவிலும் விடிகாலை நான்கிலும்தான் மருந்தும் ரத்த மாதிரியும் வந்து நிற்கும், யாருக்கும் கை ஒழியாது. ஒற்றைப்படை மணிக்கு மாற்றினோம். அவ்வளவுதான், ஓட ஆரம்பித்தது. இத்தனை நாள் சார்ட்டில் பொய் எழுத வைத்தது சோம்பல் இல்லை, கடிகாரம்.

முடிவில் புண்களின் எண்ணிக்கை குறைந்தது என்று எழுத முடியவில்லை. ஒரு சின்னப் பிரிவில் மூன்று மாதத்தில் வரும் புண்களை வைத்து எதையும் நிறுவ முடியாது, எண்ணிக்கை போதாது. புள்ளியியல் ஆசிரியர் இதை முதல் வருடமே சொன்னார், நான் காதில் வாங்கவில்லை. கடைசியில் சரியான நேரத்தில் திருப்பினோமா என்பதையே அளவுகோலாக வைத்து எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த அரை வருடத்துக்கு வருகிறேன். என் திட்டத்துக்கு அனுமதி தந்த மேலாளர் நடுவில் வேலை மாறிப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு என் ஆய்வு ஒரு தலைவலி. எழுத்தில் என்னிடம் இருந்தது இரண்டு வரி மின்னஞ்சல் மட்டும்தான். மறுபடி விளக்கம், மறுபடி கையெழுத்து, நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தப் படிவம் என்று ஒரு பருவம் முழுக்கக் கரைந்தது, அந்தப் பருவத்துக்கான கட்டணத்தோடு சேர்த்து. ஆகவே அனுமதியை ஆளின் பெயரில் வாங்காதீர்கள், பதவியின் பெயரில், நிறுவனத்தின் தாளில் வாங்குங்கள். முடிந்தால் தகவல் பிரிவிடமும் தனியாக ஒன்று.

சேரும் முன் பல்கலைக்கழகத்திடம் என்ன கேட்கலாம்? இணையதளத்தில் இருப்பதைக் கேட்காதீர்கள். இதற்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பாடங்களை முடித்துவிட்டு ஆய்வேட்டில் நின்றுபோனார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவும் ஒரு பதில்தான். நெறியாளர் ஒரு வரைவைத் திருப்பித் தர எத்தனை நாள் எடுப்பார், அது விதியில் எழுதியிருக்கிறதா? வேலை மாறினால் ஆய்வுக் களத்தை மாற்ற அனுமதிப்பார்களா? அப்புறம், பயிற்சி மணி நேரம். டி.என்.பி.க்கு இளங்கலைக்குப் பிறகு குறைந்தது 1,000 மணி நேரம் என்பது அமெரிக்க நர்சிங் கல்லூரிகளின் சங்கத்தின் 2006 வழிகாட்டுதலின் கணக்கு, முதுகலையில் செய்ததும் அதில் சேரும். 2021-இல் அதைத் திருத்திவிட்டார்கள், எனவே சேரும் இடத்தின் இப்போதைய கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான டியூட்டியைப் பெரும்பாலும் இந்த மணி நேரமாக ஏற்க மாட்டார்கள். 'வேலை செய்துகொண்டே' என்ற விளம்பர வாசகத்தை நம்பி நான் ஏமாந்தது இதில்தான். விடுப்பு நாட்கள் முழுக்க அதற்கே போயின.

நிறுவனம் பணம் கட்டுகிறது என்றால் படித்து முடித்தபின் எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற வரியை முதலில் படியுங்கள்.

பெயருக்கு முன் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கருத்தரங்கில் போட்டுக்கொள்கிறேன். வார்டில் போடுவதில்லை. ஒருமுறை வென்டிலேட்டர் பக்கத்தில் நின்ற உறவினர் ஒருவர் என்னை மருத்துவர் என்று நினைத்து அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லத் தொடங்கிவிட்டார், அன்றைக்கே பேட்ஜை மாற்றிக்கொண்டேன்.