மூசையில் முகம் பார்ப்பது

அன்புள்ள அக்கா,

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் சபை வாலிபர் குழுவின் வாட்ஸப்பில் தினமும் காலை ஆறு மணிக்கு 'இயற்கையில் ஒரு பாடம்' எழுதிப் போடுவது என் பொறுப்பு. எறும்பு, சிலந்தி, மூடுபனி, கொண்டை ஊசி வளைவு என்று நிறைய எழுதிவிட்டேன். வெள்ளியை உருக்குகிறவர் அதில் தன் முகம் தெரியும்வரை நெருப்பில் வைத்திருப்பார், அதுபோலத்தான் கர்த்தரும் என்ற கதையைப் போட்டபோது மிகுந்த வரவேற்பு. ஆனால் போன வாரம் மழைக்குப் பிறகு எஸ்டேட் முழுக்கக் காபி பூத்திருந்தது. நின்று பார்த்தேன். ஒரு பாடமும் தோன்றவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். என் விசுவாசம் வறண்டுவிட்டதா? சேர்வராயன் கோயில் மேட்டுப் பக்கம் காலை நடை போவது சரிதானா என்றும் நண்பர்கள் கேட்கிறார்கள். இதைப் பற்றி வாசிக்க நல்ல புத்தகங்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

சா., ஏற்காடு

அன்புள்ள தம்பி,

கோயில் மேட்டுக்குத் தாராளமாக நடந்து போங்கள், காற்று நன்றாக இருக்கும். புத்தகப் பட்டியல் எதற்கு? உங்கள் கையில் இருக்கும் வேதாகமத்திலேயே அறுபத்தாறு இருக்கின்றன.

காபிப்பூவைப் பார்த்துச் சும்மா நின்றீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி அதுதான். மாதக்கணக்கில் குச்சியோடு ஒட்டிக் கிடக்கும் மொட்டு, மழை பட்டு எட்டுப் பத்து நாளில் ஒரே சமயத்தில் விரிகிறது. இரண்டு மூன்று நாளில் வதங்கிவிடுகிறது. அதற்குள் நின்று பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறது உங்களுக்கு. யோபுவுக்குக் கர்த்தர் பதில் சொல்லும் இடத்தை எடுத்துப் பாருங்கள். வரையாடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா என்கிறார். முட்டையை மண்ணில் விட்டுவிட்டு, அதை ஒரு கால் மிதிக்கக்கூடும் என்பதையும் மறந்துபோகிற தீக்குருவியை, அதாவது நெருப்புக்கோழியைக் காட்டுகிறார். 'ஆகவே பிரியமானவர்களே' என்று எந்த இடத்திலும் முடிக்கவில்லை. யோபுவுக்கு அது போதுமாக இருந்தது. ஆறு மணிக்குழுவுக்கு மட்டும் போதாது போலிருக்கிறது.

சரி, வெள்ளிக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். கொஞ்ச நாளாக மனதில் அரித்துக்கொண்டிருந்த விஷயம், நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

தம்பி, நீங்கள் இருக்கும் மலையிலிருந்து இருபது வளைவு இறங்கினால் சேலம். கொலுசுக்கே பேர்போன ஊர். செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ ஒரு பட்டறை வாசலில் நின்று, 'அண்ணா, இப்படி ஒரு கதை சொல்றாங்க, உண்மையா?' என்று கேட்க உங்களுக்கு அரை நாள் ஆகியிருக்குமா? கேட்கவில்லை. எங்கிருந்தோ வந்ததை அப்படியே தள்ளிவிட்டீர்கள்.

நான் கேட்டேன். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குப் பின்கட்டில் ஒரு பட்டறை இருந்தது. ஞாயிறு பள்ளியில் டீச்சர் இதே கதையைச் சொன்ன அன்று, கவுனைக்கூட மாற்றாமல் அங்கே ஓடினேன். அங்கிருந்த பெரியவர் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "மூசையில மூஞ்சி பார்க்கக் குனிஞ்சா புருவம் மிஞ்சாது பாப்பா" என்றார். மூசை என்பது வெள்ளியை உருக்கும் கிண்ணம். வெள்ளி உருகவே 960 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும் என்பதைப் பிறகு பள்ளியில் படித்தேன். அவர் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தார்.

தன் அப்பா காலத்தில் வெள்ளியை எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்றும் சொன்னார். செம்பு கலந்த பழைய வெள்ளியோடு ஈயத்தைச் சேர்த்து, சாம்பல் குழியில் வைத்துத் துருத்தியால் ஊதுவது. சூட்டில் ஈயம் காற்றோடு கலந்து எரிந்து, செம்பையும் கூட்டிக்கொண்டு சாம்பலுக்குள் இறங்கிவிடும். வெள்ளி மட்டும் மேலே நிற்கும். கடைசிப் படலம் கலையும்போது அதன் மேல் நிறங்கள் ஓடும், பிறகு சட்டென்று மொத்தமும் பளிச்சிடும். வேலை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். உருக்குகிறவர் குனிந்து தன் அழகைப் பார்ப்பதெல்லாம் யாரோ உட்கார்ந்த இடத்தில் கட்டிய கதை. இப்போது பல இடங்களில் நைட்ரிக் ஆசிடில் கரைத்துத்தான் பிரிக்கிறார்கள். செம்பழுப்பாகப் புகை வரும், நெஞ்சைப் பிடிக்கும். அதில் யார் முகமும் தெரியாது.

இன்னொன்று கேளுங்கள். உருகிய வெள்ளி தன் கன அளவைப்போல் இருபது மடங்கு ஆக்சிஜனைக் குடித்துவிடும். ஆறி இறுகும்போது அவ்வளவையும் வெளியே தள்ளும். மேலே கட்டிய ஓட்டைப் பிளந்துகொண்டு துளிகள் தெறிக்கும். எங்களைக் கிட்டே விடாமல் விரட்டியதும், உருகியதன் மேல் கரியைப் போட்டு மூடியதும் இதற்காகத்தான். வேடிக்கை என்னவென்றால், செம்பு கலந்த வெள்ளி இப்படித் துப்பாது, சுத்தமான வெள்ளிதான் துப்பும். சபையில் மூத்த பரிசுத்தவான்கள் சிலரை நினைத்துக்கொண்டேன், பெயர் வேண்டாம்.

எரேமியா ஆறாம் அதிகாரத்தின் கடைசியை எடுங்கள். துருத்தி வெந்தது, ஈயம் நெருப்பினால் அழிந்தது, புடமிடுகிறவனுடைய பிரயாசம் விருதாவாய்ப்போயிற்று என்கிறார். ஈயம் எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. துருத்தி என்ன ஆகும் என்று தெரிந்திருக்கிறது. அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவரின் வரி அது. அதுவும் எப்படி முடிகிறது? எல்லாம் செய்தும் வெள்ளி தேறவில்லை, தள்ளுபடி. இதைக் காலை ஆறு மணிக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை கைகூப்பும் படம் வருகிறதென்று.

இயேசுவும் உவமை சொன்னாரே என்பீர்கள். சொன்னார். விதைத்துப் பழகியவர்களிடம் விதையைப் பற்றியும், வலை இழுத்துக் கை காய்த்தவர்களிடம் வலையைப் பற்றியும் சொன்னார். தப்பாகச் சொல்லியிருந்தால் அங்கேயே சிரித்திருப்பார்கள். உங்கள் எறும்பையும் சிலந்தியையும் யார் சரிபார்க்கிறார்கள்?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? சமீபத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு முப்பது வயதிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வெள்ளிக் கதையைச் சொன்னார். கர்த்தர் உன்னைப் புடமிடுகிறார், தன் முகம் உன்னில் தெரியும்வரை விடமாட்டார் என்று. அவள் தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்? எழுந்து வெளியே வந்துவிட்டேன். இந்தக் கதைக்கு ஆதாரமாகக் காட்டுகிற மல்கியா மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தர் உட்கார்ந்து புடமிடுவது யாரை? லேவியின் புத்திரரை. காணிக்கை வாங்குகிற ஆசாரியர்களை, தம்பி! கூடத்தில் விழுந்து அழுகிறவளை அல்ல. பிரசங்க மேடையை நோக்கி வீசப்பட்ட வசனத்தை மேடையிலிருந்தே எடுத்து அவள் தலையில் போட்டுவிட்டோம். பட்டறையையும் பார்க்கவில்லை, வசனத்தையும் முழுதாக வாசிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாவது அந்த மனிதர் வாயை மூடியிருக்கலாம்.

நீங்கள் அந்த மனிதர் இல்லை, தெரியும். பாடம் வராத அன்று பயந்துபோய் எனக்கு எழுதினீர்களே, அந்தப் பயத்தால்தான் உங்களிடம் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன். விசுவாசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் நன்றாகத் தூங்குங்கள்.

குழுவில் கேட்டால், தினமும் முடியாது, விசாரித்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லுங்கள். முதலில் காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிளை கழிக்கிறவர்களிடம் போங்கள். 'கர்த்தருடைய நிழல்' என்று நீங்கள் எப்படியும் ஒரு பதிவு போட்டிருப்பீர்கள், அதில் அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். எவ்வளவு உயரம் ஏறுகிறார்கள், கயிறு கட்டுகிறார்களா, கூலி என்ன, விழுந்தால் யார் பார்ப்பது என்று கேட்டு அப்படியே எழுதுங்கள். வசனம் சேர்க்க வேண்டாம்.

அப்புறம், சேலம் இறங்கும்போது சொல்லுங்கள். தெரிந்த கொலுசுப் பட்டறை ஒன்றில் உங்களை உட்கார வைக்கிறேன். ஒரு வாரம் முன்னால் எழுதிப் போட்டால் போதும். ஞாயிறு மட்டும் வேண்டாம், அன்று அவர்களுக்கும் லீவு, எனக்கும் கோயில்.

அன்புடன்,
அக்கா