இத்தாலியன் பேசிப் பழக ஒரு துணை – கடிதமும் பதிலும்

வணக்கம்.

ஓராண்டாக ஒரு செயலியையும் ஓர் இலக்கணப் புத்தகத்தையும் வைத்து இத்தாலியன் படித்துவருகிறேன். எளிய செய்திகளை அகராதி துணையோடு வாசிக்க முடிகிறது. பேச்சு மட்டும் வரவில்லை. ஒருவருக்கொருவர் மொழி கற்றுத்தரத் துணை தேடும் செயலிகளான டேண்டம், ஹலோடாக் இரண்டிலும் கணக்குத் தொடங்கி நாற்பது பேருக்காவது 'சாவோ, கோமே ஸ்தாய்?' என்று எழுதியிருப்பேன். ஏழெட்டுப் பேர் பதில் போட்டார்கள், இரண்டே நாளில் ஓய்ந்துவிட்டது. ஒருவரோடு அழைப்பில் பேசினேன். பத்து நிமிடத்தில் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டோம், பிறகு இத்தாலியனுக்குத் திரும்பவே இல்லை. என் தாய்மொழி தமிழ். அதைக் கற்க நினைக்கும் இத்தாலியர் யாரும் கண்ணில் படவில்லை. ஆங்கிலம் நன்றாக வரும், ஆனால் தாய்மொழி அல்ல. பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லையோ என்று தோன்றுகிறது. காசு கொடுத்து ஆசிரியரிடம் போவதுதான் வழியா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கொடுக்க உங்களிடம் நிறையவே இருக்கிறது. அந்தச் செயலிகளில் இருக்கும் இத்தாலியர்களில் பெரும்பாலோர் தேடுவது ஆங்கிலம். பள்ளியில் பல வருடம் படித்தும் வாய் திறக்கவில்லையே என்பதுதான் அவர்களுடைய கவலையும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர் முன்னால் அவர்களில் பலர் கூசிப்போகிறார்கள். தானும் படித்துத் தேறிய ஒருவர், நிதானமாகவும் தெளிவாகவும் பேசுபவர் கிடைத்தால் அந்தக் கூச்சம் குறைகிறது. ஆகவே அறிமுகக் குறிப்பில் தாய்மொழி தமிழ் என்றே போடுங்கள். அதன்கீழ் ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசும் மொழியாகச் சேர்த்து, அதை எங்கே, எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று போட்டுவிட்டால் முதல் அழைப்பிலேயே நம்பிக்கை குலைந்துவிடும்.

நாற்பது பேரிடம் பலிக்காமல் போனது அந்த முதல் செய்தியால்தான். 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்டால் 'நலம், நீ?' என்று பதில் வரும். அதற்குமேல் பேச அதில் என்ன இருக்கிறது? முதல் செய்தியிலேயே ஒரு திட்டம் இருக்கவேண்டும்: உங்கள் நிலை (ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை, ஏ2 அதில் இரண்டாம் படி), எதற்காகப் பேசவேண்டும், எத்தனை நிமிடம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு. கூடவே அவருடைய குறிப்பிலிருந்து எடுத்த ஒரு கேள்வி. இப்படி இருக்கலாம்: 'இத்தாலியன் ஏ2 நிலையில் படிக்கிறேன். வாசிக்க வருகிறது, பேச வரவில்லை. வாரம் ஒருமுறை 40 நிமிடம் பேசத் துணை தேடுகிறேன். 20 நிமிடம் இத்தாலியன், 20 நிமிடம் ஆங்கிலம். செவ்வாய் அல்லது வியாழன், உங்கள் நேரப்படி இரவு 9 மணி எனக்குச் சரியாக வரும். மலையேற்றம் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, டோலமைட்ஸ் பக்கம் போவதுண்டா?' இதை நீங்களே இத்தாலியனில் எழுதுங்கள், பிழை இருந்தால் இருக்கட்டும். மொழிபெயர்ப்புக் கருவி எழுதித் தரும் வழவழப்பான செய்தியைப் பார்த்து உங்கள் நிலையை அவர் தவறாகக் கணித்துவிடுவார். ஐந்தாறு பேருக்கு அனுப்பினால் போதும். குறிப்பை முழுதாக நிரப்பியவர், ஆங்கிலம் எதற்கு வேண்டும் என்று சொல்லியிருப்பவர், இந்த வாரம் செயலிக்குள் வந்துபோனவர், இந்த மூன்றும் பொருந்துகிறவர்களாகப் பாருங்கள்.

நேரத்தை எப்போதும் இத்தாலிய நேரத்திலேயே பேசி முடிவுசெய்யுங்கள். அங்கே குளிர்காலத்தில் யுடிசி (உலகப் பொது நேரம்) +1. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை யுடிசி +2. கடிகாரத்தை மாற்றாத நாட்டில் இருப்பவருக்கு அந்த இரண்டு ஞாயிறுகளுக்குப் பிறகு வரும் சந்திப்பு மார்ச்சில் ஒரு மணிநேரம் முன்னதாகவும் அக்டோபரில் ஒரு மணிநேரம் பின்னதாகவும் நகரும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பழக்கம் அந்த வாரங்களில் அறுந்துபோவது சகஜம். இரவுச் சாப்பாடு அங்கே எட்டு மணிக்குப் பக்கத்திலோ அதற்குப் பிறகோதான், அதனால் 7:30 என்று கேட்காதீர்கள். ஞாயிறு மதியம் குடும்பத்துக்கானது. ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ விடுமுறை. அதை ஒட்டிய வாரங்களில் பாதி நாடு ஊரில் இருக்காது, பதில் வராவிட்டால் மனம் தளரவேண்டாம்.

எங்கே தேடுவது என்பதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஹலோடாக்கில் எழுதிய வாக்கியத்தை அங்கேயே திருத்திக் காட்டும் வசதி இருக்கிறது, எழுத்துப் பழக்கத்துக்கு அது நல்லது. டேண்டத்தில் ஆள் சீக்கிரம் கிடைக்கும், சீக்கிரம் காணாமலும் போகும். கான்வர்சேஷன் எக்ஸ்சேஞ்ச் தளத்தை விட்டுவிடாதீர்கள். பார்க்கப் பழையதாக இருக்கும், ஆனால் எழுத்தா, குரலா, நேர்ச்சந்திப்பா என்று முதலிலேயே பிரித்துத் தேடலாம் என்பதால் பேசவேண்டும் என்றே வருபவர்களை அங்கே பிடிக்க முடியும். 1889இல் தொடங்கிய தாந்தே அலிகியெரி சங்கத்துக்கும் இத்தாலியப் பண்பாட்டு நிறுவனத்துக்கும் பல நாடுகளில் கிளைகள் உண்டு. உரையாடல் வட்டம் நடத்துகிறார்களா என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியின் குரல் அறைகள் காதுக்கு நல்ல பயிற்சி. அங்கே வேகமாகப் பேசுபவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதால் உங்கள் வாய்க்கு வேலை குறைவு.

இனி, காசு கொடுப்பது பற்றி. உங்கள் நிலையில் இருப்பவர் முதல் நான்கைந்து அரைமணி நேரங்களைக் காசு கொடுத்து வாங்குவதே நல்லது என்று நினைக்கிறேன். இட்டாக்கி போன்ற தளங்களில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களோடு, வெறுமனே பேசிப் பழக உதவும் பயிற்றுநர்களும் இருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது வகை, கட்டணமும் பொதுவாகக் குறைவு. அந்த அரைமணி முழுவதும் உங்களுடையது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாலும் யாருக்கும் கடன்பட்டதாக ஆகாது. வாய் கொஞ்சம் திறந்தபின் பரிமாற்றத் துணைக்கு வாருங்கள். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: துணையிடம் இலக்கணக் காரணம் கேட்காதீர்கள். 'இங்கே ஏன் கொஞ்ஜுந்தீவோ (ஐயம், விருப்பம் போன்றவற்றுக்கான வினைவடிவம்) வருகிறது?' என்று கேட்டால் 'அப்படித்தான் சொல்வோம்' என்பார். அவர் சொன்ன வாக்கியத்தைக் குறித்துக்கொண்டு, காரணத்தை ஆசிரியரிடமோ புத்தகத்திலோ தேடுங்கள்.

துணை கிடைத்ததும் நேரே அழைப்புக்குப் போகாமல் ஒரு வாரம் குரல் செய்திகளில் ஓட்டுங்கள். இத்தாலியர்களுக்கு அது மிகப் பழகிய வழி, 'வொக்காலி' என்பார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எழுதிவைத்து வாசிக்கவும் வேண்டாம், நான்கு குறிப்புச் சொற்களை மட்டும் தாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்க்காரர்களுக்கு இந்தக் கட்டம் தனியாக ஒரு நன்மை செய்யும். இத்தாலியனின் இரட்டை மெய்கள் பல மொழிக்காரர்களைத் திணறவைப்பவை. 'பாலா' என்றால் மண்வாரி, 'பல்லா' என்றால் பந்து. கனியையும் கன்னியையும் பிரித்துக் கேட்கும் காதுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நமக்குச் சிக்கல் க, த, ப வரிசையில்தான். உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக வந்தால் இவற்றை மென்மையாக ஒலிக்கிறோம், இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கிறோம். இத்தாலியனில் ஒற்றையும் வன்மையாக வரும், இரட்டையும் மென்மையாக வரும். 'குளிர்கிறது' என்பதற்கு 'ஓ ஃப்ரெத்தோ', 'அவசரமாக இருக்கிறேன்' என்பதற்கு 'ஓ ஃப்ரெத்தா'. தமிழில் எழுதினால் இரண்டிலும் அதே 'த்த'. ஆனால் குளிரில் வருவது 'பதம்' என்பதிலுள்ள மெல்லிய த-வின் இரட்டிப்பு, அவசரத்தில் வருவது 'பத்து' என்பதிலுள்ள வல்லொலி. எனவே இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் பழகாதீர்கள், இந்தப் பதிலில் இருப்பவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இப்படி ஐந்து இணைகளைத் துணையிடம் சொல்லச் சொல்லி வாங்குங்கள். பிறகு வரிசையைக் கலைத்து நீங்கள் சொல்லி அனுப்பி, ஒவ்வொன்றிலும் அவர் காதில் விழுந்தது எது என்று எழுதச் சொல்லுங்கள். 'சரியாக இருக்கிறதா' என்று கேட்டால் 'அருமை' என்பார், 'எது விழுந்தது' என்று கேட்டால் உண்மை தெரியும். (துணை நடு இத்தாலியின் தொஸ்கானாக்காரர் என்றால் 'அமிகோ' (நண்பன்) என்பதில் வரும் ககரம் நம் 'மகன்' போலவே ஒலிக்கும். கேட்க இதமாக இருக்கும், ஆனால் அதை நாம் எடுத்துக்கொள்ளவேண்டாம்.)

அழைப்பில் இத்தாலியன் பாதி முதலில் வரட்டும், களைப்பதற்கு முன்னால். இருவருக்கும் தெரியும்படி 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். கலந்து பேசினால் எந்த மொழியில் இருவருக்கும் எளிதோ அதுதான் கடைசியில் மிஞ்சும், உங்களுக்கு நடந்தது அதுவே. அது தொடங்கும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள்: நீங்கள் ஒரு சொல்லைத் தேடி நான்கைந்து விநாடி மௌனமாகிறீர்கள். பாவம் திணறுகிறாரே என்று எதிரில் இருப்பவர் ஆங்கிலத்தில் கைகொடுக்கிறார். அந்த மௌனத்தை நிரப்பத்தான் 'அல்லோரா' (அப்படியானால்), 'சொயே' (அதாவது), 'இன்ஸொம்மா' (மொத்தத்தில்) எல்லாம். அவற்றைச் சொல்லிக்கொண்டிருக்கும் வரை பேச்சு உங்கள் கையில் இருக்கிறது என்று அவருக்குப் புரியும். அப்படியும் சொல் வராவிட்டால் 'கோமே ஸி தீச்சே' (எப்படிச் சொல்வது) என்று கேட்டு, அந்த ஒரே சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

திருத்தம் தானாக வராது. 'பார்லி பெனிஸ்ஸிமோ!' (பிரமாதமாகப் பேசுகிறாய்) என்று பாராட்டுவார்கள், மரியாதைக்காகச் சொல்வது அது. 'கொர்ரெஜ்ஜிமி' (என்னைத் திருத்து) என்று பொதுவாகக் கேட்டாலும் இரண்டு நிமிடம் திருத்திவிட்டு மறந்துவிடுவார்கள். எதைத் திருத்தவேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். உதாரணமாக, இன்று கடந்தகாலம் மட்டும்: 'போனேன்' என்பதற்கு 'எஸ்ஸெரே' துணைவினையும் 'சாப்பிட்டேன்' என்பதற்கு 'அவெரே' துணைவினையும் வருகிறதா, பேசுபவர் பெண்ணானால் 'போனேன்' என்பதன் முடிவு ஆ-வுக்கு மாறுகிறதா. பேச்சை நிறுத்தாமல் அரட்டைப் பெட்டியில் தட்டிவைக்கச் சொல்லுங்கள். ஐந்து திருத்தம் போதும், அடுத்த வாரத்தை அந்த ஐந்திலிருந்து தொடங்குங்கள்.

பெரும்பாலான துணைகள் மூன்றாவது சந்திப்பில்தான் கழன்றுகொள்கின்றன. குடும்பம், வேலை, பொழுதுபோக்கு எல்லாம் அதற்குள் சொல்லித் தீர்ந்துவிடும். அதற்கு முதல்நாளே ஒரு படத்தையோ அரைப்பக்கச் செய்தியையோ ஒருவருக்கொருவர் அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே விஷயத்தை அதே வாரத்தில் வேறொருவரிடமும் சொல்லிப் பாருங்கள். முதல்முறை நான்கு நிமிடம் எடுத்தது இரண்டாம்முறை மூன்றில் முடியும், வாக்கியங்கள் இணைந்து வரும். இதற்காகவே இரண்டு துணைகளை வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதற்குமேல் வேண்டாம், தயாரிக்க நேரம் இருக்காது.

செயலிகளில் எல்லோரும் 'தூ' (நீ) என்றே பேசுவார்கள். ஓய்வுபெற்ற வயதில் ஒருவர் அமைந்தால் (நேரமும் பொறுமையும் உள்ள அருமையான துணைகள் அவர்கள்) 'லெயி' (மரியாதையான 'நீங்கள்') என்று தொடங்குங்கள். 'தூ' என்றே பேசலாம் என்று அவர் சொன்னபின் மாறிக்கொள்ளலாம்.

முதல் சில அழைப்புகளைச் செயலிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், கைபேசி எண் பிறகு. படம் கேட்பவர், பணம் கேட்பவர், உறவு தேடி வந்தவர், எவராக இருந்தாலும் விளக்கம் சொல்லாமல் தடை செய்யுங்கள். தன் பாலினத்தவருக்கு மட்டும் தெரியும்படி கணக்கை அமைக்கும் வசதி சில செயலிகளில் உண்டு. பேச்சைப் பதிவுசெய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் இரண்டுமுறை வராதவரையும், இத்தாலியன் பாதியை வாரம் வாரம் சுருக்குகிறவரையும் விட்டுவிடலாம். ஒரு வரி நன்றி எழுதி விலகுங்கள், அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவருடைய இடத்துக்கு மறுபடி ஐந்து செய்தி அனுப்புங்கள்.