மடியை விட்டு இறங்க மறுக்கும் குட்டிப் பெண்

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து ஆடுகிற டான்ஸ் கிளாஸில் சேர்த்து நான்கு வாரம் ஆகிறது. மற்ற குழந்தைகள் குதிக்கிறார்கள், சுற்றுகிறார்கள். இவள் என் மடியை விட்டு இறங்குவதே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதே பாட்டுக்கு ஆடுகிறாள். எனக்கும் ஆட வராது, அங்கே நிற்கவே கூச்சமாக இருக்கிறது. கணவர் ‘பணம் தண்டம்’ என்கிறார். நிறுத்திவிடவா?

பதில்:

நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அதே பாட்டுக்கு ஆடுகிறாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். டீச்சர் எப்போது கையைத் தூக்குகிறார், பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது, பக்கத்துப் பையன் எப்போது தொப்பென்று உட்காருகிறான் என்று எல்லாவற்றையும் உங்கள் மடியில் இருந்தபடியே பார்த்து வாங்கிக்கொண்டிருக்கிறாள், இல்லாவிட்டால் வீட்டில் எதை ஆடுவாள்? புது இடம், சத்தமான பாட்டு, தெரியாத முகங்கள் என்றால் சில குழந்தைகள் முதல் நாளே இறங்கிவிடும், சில குழந்தைகள் நன்றாகப் பார்த்த பிறகுதான் இறங்கும். சுபாவம் அப்படி. என் மூத்த மகன் ஏழு வாரம் என் காலைக் கட்டிக்கொண்டே நின்றான், அந்த ஏழு வாரமும் நான் எவ்வளவு தவித்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

அப்புறம், இந்த வயதில் ‘ஆடுவது’ என்றால் என்ன? இரண்டு காலையும் சேர்த்துத் தரையிலிருந்து எழும்பிக் குதிக்க வருவதே ஏறத்தாழ இரண்டு வயதில்தான். ஒற்றைக் காலில் ஓரிரு நொடி நிற்க மூன்று வயதாவது ஆகும். தாளத்தோடு அடி பிசகாமல் ஆடுவதற்கு நான்கு, ஐந்து வயதுக்கு மேலும் ஆகலாம். ஆனால் தாளம் கேட்டால் அசைகிற ஆசை அதற்கெல்லாம் முன்பே வந்துவிடுகிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் 5 முதல் 24 மாதக் குழந்தைகளைப் பார்த்தார்கள்: பேச்சைக் கேட்டபோது அசைந்ததைவிட இசையும் தாளமும் கேட்டபோது அதிகம் அசைந்தார்கள், அசைவு இசையோடு ஒத்துப்போகப் போகச் சிரிப்பும் கூடியது.

உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். 2009இல் வந்த இன்னோர் ஆய்வில் சின்னக் குழந்தைகளை மேளம் தட்டச் சொன்னார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகள்கூட, இயந்திரத்தின் தாளத்துக்குத் தட்டியதைவிட எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து தட்டியபோது நன்றாகச் சேர்ந்து தட்டினார்கள். அந்த ஆள் இங்கே நீங்கள்தான். நீங்கள் அழகாக ஆடுகிறீர்களா என்று அவள் பார்க்கப்போவதில்லை, அம்மா அசைகிறாளா என்றுதான் பார்ப்பாள். நீங்கள் கூச்சத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தால் அந்த விறைப்பு மடியில் இருக்கிறவளுக்கும் தெரியும்.

அதனால் அவளை இறக்கிவிடப் பார்க்காமல், மடியில் வைத்துக்கொண்டே தாளத்துக்கு முழங்காலை அசையுங்கள். அடுத்த பாட்டில் இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்து நடங்கள், சுற்றுங்கள். அது முழுக்க முழுக்க நடனம்தான், அவள் உடம்பு தாளத்தை உங்கள் உடம்பு வழியாகக் கேட்கிறது. பத்து நிமிடம் முன்னாலேயே போய்விடுங்கள், பாட்டும் கூட்டமும் இல்லாத அறையில் அவள் ஒரு சுற்று ஓடிப் பார்க்கட்டும். ‘போ, நீயும் ஆடு, எல்லோரும் ஆடுறாங்க பார்’ என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். ஒருநாள் தானாக இறங்குவாள், அப்போது கைதட்டி ஆரவாரம் செய்தால் திரும்ப மடிக்கு ஓடிவருவாள், ஒன்றும் நடக்காதது போல நீங்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருங்கள். சாக்ஸ் வேண்டாம், தரையில் வழுக்கும், வெறுங்கால்தான் நல்லது.

வீட்டில் ஒரே ஒரு விளையாட்டு போதும்: பாட்டு ஓடும்போது ஆடுவது, நிறுத்தியதும் சிலையாக நிற்பது. உடம்பைத் தானே கட்டுப்படுத்திப் பழக இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியாது. பாட்டு கொஞ்சம் வேகமாகவே இருக்கட்டும், குழந்தைகளின் இயல்பான வேகம் நம்முடையதைவிட அதிகம்.

பண விஷயத்தில் உங்கள் கணவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் நாள் முழுக்கவுமாகச் சேர்த்து 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, வாரம் ஒரு வகுப்பு அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. உடற்பயிற்சிக்காக என்றால் வீட்டுக் கூடமே போதும். வேறு எந்த வேலையும் குறுக்கே வராமல் நீங்களும் அவளும் ஒரே தாளத்தில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இந்தக் கட்டணம். அது உங்கள் குடும்பத்துக்குக் கனமாக இருந்தால் தயங்காமல் நிறுத்துங்கள், அவள் எதையும் இழந்துவிட மாட்டாள். டீச்சர் குழந்தைகளை அதட்டினாலோ, மேடை நிகழ்ச்சிக்கென்று ஸ்டெப்பைத் திணித்தாலோ, பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டிய அளவுக்குப் பாட்டு அலறினாலோ அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள். மடியிலேயே இருக்கிறாள் என்பதற்காக நிறுத்த வேண்டாம்.

ஒரு வாரம் உங்கள் கணவரே அவளை அழைத்துக்கொண்டு போகட்டும். சில குழந்தைகள் ஆள் மாறினால் வேறு மாதிரி இருக்கும். அங்கேயும் மடியிலேயே உட்கார்ந்தால் முழங்காலை அசைக்க வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லி அனுப்புங்கள்.