பின்னால் வந்தது பறந்ததா, முன்னால் போனது களைத்ததா?

குதிரைப் பந்தயத்தில் வேகத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள், குதிரையை ஓட்டும் ஜொக்கி எடுக்கும் முடிவு பந்தயத்தை எப்படி மாற்றுகிறது என்பது பற்றி எதையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் குதிரையில் பணம் கட்டலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஓட்டத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பதுதான் என் அக்கறை.

கொட்டாஞ்சேனை வாசகர்: ஐயா, புக்கி (பந்தயப் பணம் கட்டும் கடை) டிவியில் பார்க்கிறேன். தொடக்கத்திலிருந்து முன்னால் போகும் குதிரை கடைசி 200 மீட்டரில் நின்றுபோகிறது. பின்னால் கிடந்தது பறந்து வருகிறது. ஜொக்கி வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறானா?

இல்லை தம்பி. வேகமாகத் தொடங்கிய ஓட்டம் என்றால் கடைசி ஃபர்லாங்கில் (ஒரு ஃபர்லாங் சுமார் 200 மீட்டர்) எல்லாக் குதிரையும் தளர்ந்துகொண்டுதான் வரும். குறைவாகத் தளரும் குதிரை, அதிகமாகத் தளரும் குதிரைக்குப் பக்கத்தில் பறப்பதுபோலத் தெரிகிறது. பஸ் பின்னோக்கி நகர்ந்தால் நம் வண்டி முன்னே போவதுபோல இருக்குமே, அந்த மாதிரி.

நாலுகால் பாய்ச்சலில் குதிரை ஒரு எட்டுக்கு ஒரு மூச்சுத்தான் எடுக்கும். காலும் மூச்சும் ஒன்றாகக் கட்டப்பட்டவை. முதல் பாதியில் அளவுக்கு மீறி விரட்டினால், உள்ளே போகும் ஒட்சிசன் தசைக்குப் போதாது. தசை கடன் வாங்கி ஓடும். அந்தக் கடனைக் கடைசி ஃபர்லாங்கில் கட்ட வேண்டும்.

2022 கென்டக்கி டெர்பியை எடுங்கள். முதல் இரண்டு ஃபர்லாங் 21.78 விநாடி, நான்கு ஃபர்லாங் 45.36 விநாடி. பத்து ஃபர்லாங் ஓட வேண்டிய மூன்று வயதுக் குதிரைகளுக்கு அது தாங்காத வேகம். முன்னால் போனவை கரைந்துபோயின. கூட்டத்தின் பின்பகுதியில் அமைதியாக வந்த ரிச் ஸ்ட்ரைக், வெல்லும் என்று யாரும் நம்பாமல் 80க்கு 1 பந்தய விலையில் இருந்த குதிரை, உட்பக்க வேலியோரமாக வழி கண்டுபிடித்து வென்றது. பறந்துதானே வென்றது என்பீர்கள். முழு நேரம் 2 நிமிடம் 2.61 விநாடி. அதே மைதானத்தில் அதே தூரத்தை 1973இல் செக்ரட்டேரியட் என்ற குதிரை 2 நிமிடத்துக்குள் ஓடி முடித்திருக்கிறது. ஆகவே அங்கே எதுவும் பறக்கவில்லை. முன்னால் போனவை பெட்டியைக் காலி செய்துவிட்டன, அவ்வளவுதான்.

முதல் பாதியின் நேரத்தைப் பார்க்காமல் ஜொக்கியைத் திட்டாதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் பல தடவை சொல்ல வேண்டிவரும் என்று நினைக்கிறேன்.

கொச்சிக்கடை வாசகர்: சனிக்கிழமை இங்கிலாந்தின் அஸ்கொட் மைதானத்தில் மூன்றாவது ரேஸுக்கு எது நல்லது?

மேலே சொல்லிவிட்டேன்.

வெள்ளவத்தை மாணவர்: அப்படியென்றால் முன்னால் போவது எப்போதும் தப்பா?

நல்ல கேள்வி. இல்லவே இல்லை. முன்னால் போகிறவனின் கையில்தான் கடிகாரம் இருக்கிறது. அவன் நிதானமாகப் போனால் பின்னால் வருகிறவர்களும் நிதானமாகத்தான் வர வேண்டும். அப்புறம் கடைசி மூன்று ஃபர்லாங்கில் எல்லாரும் ஒரே நேரத்தில் விரட்டுவார்கள். அப்போது எல்லாக் குதிரையிடமும் பலம் மிச்சம் இருக்கும். முன்னால் இருப்பவனுக்கோ பலத்தோடு இரண்டு மூன்று லென்த் (ஒரு லென்த் என்றால் ஒரு குதிரை நீளம்) இடைவெளியும் கையில் இருக்கும்.

அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஜொக்கி ஸ்டீவ் கோதன் இதில் மன்னன். அமெரிக்காவில் காலைப் பயிற்சியிலேயே கடிகாரத்துக்கு ஓட்டப் பழக்குவார்கள். இந்த ஃபர்லாங்கை இத்தனை விநாடியில் முடி என்று சொன்னால், ஜொக்கி தலைக்குள் எண்ணி அதே விநாடியில் முடிக்க வேண்டும். கோதன் 1985 எப்சம் டெர்பியில் ஸ்லிப் ஆங்கர் என்ற குதிரையை முன்னால் விட்டு 7 லென்த்தில் வென்றார். இரண்டு வருடம் கழித்து ரெஃபரன்ஸ் பொயின்டிலும் அதையே செய்தார். 1996 செப்டம்பர் 28இல் அஸ்கொட்டில் ஃபிராங்கி டெட்டோரி ஒரே நாளில் ஏழு ரேஸையும் வென்றாரே, அந்த ஏழாவது ரேஸ் இரண்டு மைல். ஃபுஜியாமா கிரெஸ்ட்டைத் தொடக்கத்திலேயே முன்னால் கொண்டுபோய் கடைசிவரை அங்கேயே வைத்திருந்தார்.

தெமட்டகொடை வாசகர்: ஒரே சொந்தக்காரரின் இரண்டாவது குதிரையை வேகம் போடுவதற்காக இறக்குகிறார்கள். இது மோசடி இல்லையா?

பேஸ்மேக்கர் இறக்குவது மோசடி இல்லை. வேகம் போட்டுவிட்டுத் தன் கூட்டாளிக்கு வழி விட்டு ஒதுங்குவதுதான் விதிக்குப் புறம்பு.

பேஸ்மேக்கர் தன் பக்கத்துக் குதிரைக்கே வினையாக முடிவதும் உண்டு. 2011இல் நியூமார்கட்டின் 2000 கினிஸ் பந்தயத்தை ஃபிராங்கெல் என்ற குதிரை முன்னால் போய் 6 லென்த்தில் வென்றது. அடுத்து அஸ்கொட்டில் சென் ஜேம்ஸஸ் பலஸ் ஸ்டேக்ஸ். அங்கே பேஸ்மேக்கர் வெகுதூரம் முன்னால் ஓடியது. ஃபிராங்கெலின் ஜொக்கி டொம் குவீலி வெகு சீக்கிரமே அதைத் துரத்திப் பிடித்து முன்னால் வந்துவிட்டார். கடைசியில் ஃபிராங்கெலின் கால் கனத்தது, வித்தியாசம் முக்கால் லென்த்தாகச் சுருங்கியது. ஓடிய 14 ஓட்டத்திலும் வென்ற குதிரைக்கே அந்த அவசரம் அவ்வளவு செலவு வைத்தது.

பம்பலப்பிட்டி வாசகர்: 1986 எப்சம் டெர்பியில் டான்சிங் பிரேவ் என்ற குதிரை தோற்றதற்கு அதன் ஜொக்கி கிரெவில் ஸ்டார்க்கி ஒருவர்தான் காரணம். நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். எப்சம் சாதாரண மைதானம் இல்லை. முதல் பாதி மேட்டில் ஏறும். பிறகு டாட்டன்ஹம் கோர்னர் வளைவுவரை இறக்கம். அந்த இறக்கத்தில் டான்சிங் பிரேவ் நிலை தடுமாறியது. கால் நிலைக்காத குதிரையை அங்கே விரட்ட முடியாது, விரட்டினால் இன்னும் தடுமாறும். நேர்பாதைக்கு வரும்போது அது வெகு பின்னால், வெளிப்பக்கத்தில். அங்கிருந்து வந்து ஷாரஸ்தானி என்ற குதிரையிடம் அரை லென்த்தில் தோற்றது.

அவரே மறுபடியும்: தடுமாறியது என்பது சாக்கு. அவ்வளவு பின்னால் கொண்டுபோய் வைத்தது யார்? குதிரையா?

இல்லை ஐயா, ஸ்டார்க்கிதான். அதனால்தான் பாதி என்றேன். ஆனால் அவர் செய்த தப்பு கடைசி இரண்டு ஃபர்லாங்கில் இல்லை. எல்லாரும் அங்கேதான் பார்க்கிறார்கள். தப்பு, முதல் பாதியில் வேகம் குறைவாக இருக்கிறது என்று தெரிந்தும் இடத்தை மாற்றாமல் இருந்தது. வேகம் குறைந்த ஓட்டத்தில் முன்னால் இருப்பவை களைக்காது. களைக்காத குதிரைக்குக் கொடுத்த ஒவ்வொரு லென்த்தையும் முழு விலை கொடுத்துத்தான் திருப்பி வாங்க வேண்டும்.

தெஹிவளை வாசகர்: நடுவில் வருகிறேன், மன்னியுங்கள். அதே வருடம் பரிசில் ஆர்க் பந்தயத்தில் பாட் எடெரியும் அதே குதிரையை அப்படியே பின்னால் வைத்துத்தானே ஓட்டினார்? அவரை மேதை என்றார்கள். வென்றால் மேதை, தோற்றால் முட்டாளா?

இந்த ஒரு கேள்விக்காகவே இன்றைக்கு உட்கார்ந்தது வீண்போகவில்லை.

இரண்டும் ஒரே மாதிரி ஓட்டம் என்றுதான் தோன்றும். பின்னால் காத்திருந்து, கடைசியில் வெளிப்பக்கமாகப் பாய்வது. ஆனால் ஆர்க்கில் வேகம் உண்மையான வேகம். அன்றைக்கு மைதானச் சாதனையே முறிந்தது. முன்னால் போனவை எல்லாம் விலை கொடுத்துக்கொண்டிருந்தபோது டான்சிங் பிரேவ் காசைப் பொத்தி வைத்திருந்தது. ஆர்க் ஓடும் லோன்ஷோன் மைதானத்தில் எப்சம் போல இறக்கத்தில் ஓடிவந்த உடனே கால் சறுக்கும் சரிவும் கிடையாது. எடெரி வெளியே எடுத்து விட்டார். பெரிங் என்ற நல்ல குதிரையை ஒன்றரை லென்த்தில் கடந்து போனது.

அப்படியானால் ஜொக்கி எங்கே காத்திருந்தார் என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த வேகத்துக்குப் பின்னால் காத்திருந்தார் என்று கேட்க வேண்டும். ஒரே முடிவு ஒரு நாள் சரி, இன்னொரு நாள் தப்பு.

பம்பலப்பிட்டி வாசகர்: டெர்பியில் வேகம் குறைவு என்பதற்கு என்ன ஆதாரம்?

அடுத்த வருடம் ரெஃபரன்ஸ் பொயின்ட் வென்ற டெர்பியை விட 1986 டெர்பி மூன்று விநாடிக்கு மேல் மெதுவானது. ஆனால் நேரத்தை மட்டும் தனியே வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நானே சொல்வேன், புல்தரையின் ஈரம் வருடத்துக்கு வருடம் மாறும். பதிவை எடுத்து மேட்டில் ஏறும் இடத்தைப் பாருங்கள். எத்தனை ஜொக்கிகள் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள், எத்தனை குதிரை தலையைத் தூக்கிச் சண்டை போடுகிறது என்று கவனியுங்கள். தலையைத் தூக்கும் குதிரை, வேகம் போதாது என்று சொல்கிறது.

மருதானை வாசகர்: ஃபேவரிட் (எல்லாரும் வெல்லும் என்று நம்பும் குதிரை) தோற்றால் ஜொக்கி காசு வாங்கிவிட்டான் என்றுதானே அர்த்தம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

வத்தளை வாசகர்: கடைசியில் பின்னால் இருந்த குதிரை வந்து ஜெயித்துவிட்டது. முன்னால் போனவன் விட்டுக்கொடுத்தானா?

முதல் பதில், ஐயா. முதல் பாதியின் நேரத்தைப் பார்க்காமல் ஜொக்கியைத் திட்டாதீர்கள்.

கொள்ளுப்பிட்டி வாசகர்: செக்ரட்டேரியட்டைச் சொன்னீர்கள். 1973 கென்டக்கி டெர்பியில் அது ஒவ்வொரு கால் மைலையும் முந்தியதை விட வேகமாக ஓடியது. உங்கள் விதி உடைகிறதே?

உடைகிறது, சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறேன். 25 விநாடியில் தொடங்கிக் கடைசிக் கால் மைலை 23 விநாடியில் முடித்தது. அந்தக் குதிரையை இன்னும் நாம் பேசுவதற்கே அதுதான் காரணம். ஆனால் அதே வருடத்து பெல்மொன்ட் பந்தயத்தையும் பாருங்கள். அங்கே அது முதலிலிருந்தே விரட்டியது, ஆறு ஃபர்லாங் 1 நிமிடம் 10 விநாடிக்குள். கூடவே ஓடிய ஷாம் அந்த வேகத்தில் நொறுங்கி ஐந்தில் ஐந்தாவதாக வந்தது. ஷாம் நல்ல குதிரை. விதி ஷாமுக்குப் பொருந்தியது, செக்ரட்டேரியட்டுக்குப் பொருந்தவில்லை. 31 லென்த்தில் வென்றது.

வெள்ளவத்தை வாசகர்: எந்த ஸ்டோலிலிருந்து (புறப்படும் கூண்டு) புறப்படுகிறது என்பது முக்கியமா?

செஸ்டர் போன்ற, வளைந்துகொண்டே இருக்கும் சின்ன மைதானத்தில் மிக முக்கியம், உட்பக்க எண்கள் நல்லது. நேரான நீள மைதானத்தில் ஒவ்வொரு நாளும் வேறு.

கிராண்ட்பாஸ் வாசகர்: எடை ஒரு இறாத்தல் கூடினால் எத்தனை லென்த்?

அது எடை ஏற்றிக் குதிரைகளைச் சமப்படுத்தும் ஹண்டிகாப் கணக்கு, தனியொரு சாஸ்திரம். அதில் ஊறியவர்களிடம் கேளுங்கள்.

நுகேகொடை வாசகி: ஐயா, ஏப்ரலில் முதல் தடவையாக நுவரெலியா ரேஸுக்குக் குடும்பத்தோடு போகிறோம். எனக்கு ஒன்றும் தெரியாது. எதைப் பார்க்க வேண்டும்?

சந்தோஷம் மகள். என் அப்பா, 1956இல் மூடப்படும் முன் கொழும்பு ரீட் அவெனியூ மைதானத்தில் ரேஸ் பார்த்தவர். வீட்டில் கதை கதையாகச் சொல்வார். அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். அங்கே நின்றால் கடைசிக் கணம் மட்டும்தான் கிடைக்கும். கொஞ்சம் உயரமான இடமாகப் பார்த்து நில்லுங்கள், சுற்று முழுவதும் தெரிய வேண்டும். ஃபோனில் ஸ்டொப்வாட்ச்சைப் போட்டு, புறப்பட்டதிலிருந்து பாதிவரை ஒன்று, அங்கிருந்து முடியும்வரை இன்னொன்று என்று இரண்டு நேரம் எடுங்கள். இரண்டாவது ரேஸுக்குள் கை பழகிவிடும். ஜொக்கிகளின் கையைப் பாருங்கள், அசையாத கை எது என்று. அந்தக் குதிரையிடம் பலம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். கடலிலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது அந்த ஊர், காற்று மெலிது. கீழே பழகிய குதிரை அங்கே முதல் பாதியில் அவசரப்பட்டால் சீக்கிரம் மூச்சு வாங்கும்.

மழைக்கு ஒரு குடை, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர். பிள்ளைகளுக்கும் ஒன்று எடுத்துப் போங்கள்.