கட்டாத கட்டுமரம்

ஐயா,

வணக்கம். நாங்கள் காசிமேட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். மகன் ஐந்தாவது படிக்கிறான். நீங்கள் சென்னைத் துறைமுகம் பற்றி எழுதிய படப் புத்தகத்தைப் பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்தான். நம்ம கடலைப் பற்றி ஒரு புத்தகம் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். கட்டுமரம் வரைந்திருந்த பக்கம் வந்ததும் என் மாமனார் நிறுத்தச் சொன்னார். "மரத்தைக் கட்டுனா கட்டுமரம். இதுல எதைக் கட்டியிருக்காங்க?" என்று கேட்டார். அவர் நாற்பது வருஷம் மரத்தில் தொழிலுக்குப் போனவர். படத்தில் குடைந்த ஓடம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி இருக்கிறது.

மகன் மறுநாள் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறான். புத்தகத்தில் போட்டிருப்பதுதான் சரி, உட்கார் என்று சொல்லிவிட்டார்களாம். அதிலிருந்து தாத்தா எது சொன்னாலும் "நெஜமாவா?" என்று கேட்கிறான். எது சரி என்று நீங்களே எழுதினால் அவனிடம் காட்டுவேன்.

இன்னொன்று. சென்னை வரலாறு என்று வருகிற குழந்தைப் புத்தகங்களில் கோட்டையும் மயிலாப்பூரும்தான் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் வரலாறே இல்லையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
காசிமேடு

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனார் சொன்னதுதான் சரி. என் புத்தகத்தில் இருக்கும் படம் தவறு. உங்கள் மகன் வகுப்பில் காட்ட வசதியாக இருக்கட்டும் என்று இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

தவறு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். படம் வரைந்தவர் கடல் இல்லாத ஊர்க்காரர். 'கேட்டமரன்' என்று ஆங்கிலத்தில் இணையத்தில் தேடியிருக்கிறார். அந்தச் சொல் நம்முடைய கட்டுமரம்தான். கப்பலேறிப் போய் உலகம் சுற்றி, இப்போது இரண்டு உடல் கொண்ட சொகுசுப் படகுக்குப் பெயராகிவிட்டது. தேடினால் அதுதான் வந்து நிற்கும். இது பழைய காலத்துப் பக்கமாயிற்றே என்று யோசித்து, அந்த இரண்டு உடலையும் மரத்தில் குடைந்த மாதிரி அவர் வரைந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவன். சின்ன வயதில் கரையில் எத்தனையோ கட்டுமரங்களைப் பார்த்தவன். சரிபார்க்க வந்த பக்கங்களில் எழுத்துப்பிழை தேடினேன். படத்தை வாசிக்கவில்லை. பொறுப்பு என்னுடையது.

அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பது இது. துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தள்ளி நங்கூரம் போட்டு நின்றன. ஆட்களையும் சரக்கையும் மசூலா படகுகள் கரை சேர்த்தன. அவை ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகுகள். அலை அடிக்கும்போது தையல் நெளிந்து கொடுக்கும், உடையாது. கூடவே கட்டுமரக்காரர்கள் போவார்கள். அலையில் யாராவது விழுந்தால் தூக்குவது அவர்கள்தான். கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனதும் அவர்கள்தான். தலையில் கூம்பாக ஓலைத்தொப்பி வைத்து, கடிதத்தை நனையாமல் அதற்குள் செருகிக்கொண்டு போனார்கள்.

இப்போது பக்கத்திலிருக்கும் படத்தைப் பாருங்கள். குடைந்த ஓடம் என்றால் உள்ளே காய்ந்த இடம் இருக்கும். கடிதத்தை ஒரு மூலையில் வைத்துவிடலாம், தொப்பி எதற்கு? கட்டுமரத்தில் அப்படி உள்ளே என்று ஒரு இடமே கிடையாது. மரங்களை வரிசையாக வைத்துக் கயிற்றால் கட்டியது அது. தண்ணீர் இடுக்கு வழியாக ஏறும், மேலே அடிக்கும், வந்த வழியே வடியும். மரமே மிதப்பதால் அது மூழ்குவதில்லை. ஏறியவர் எந்நேரமும் நனைந்துகொண்டுதான் இருப்பார், அதனால்தான் கடிதத்துக்குத் தலையைத் தவிர வேறு இடம் இல்லை. படம் தவறியதால் நான் எழுதிய வரியும் அர்த்தமில்லாமல் போயிற்று. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான்.

எழுதும்போது தெரியாததைத் தாண்டிப் போய்விடலாம். "கட்டுமரத்தில் போனார்கள்" என்று எழுதிவிட்டால் எத்தனை மரம், முடிச்சு எங்கே, ஆள் நின்றாரா மண்டியிட்டாரா என்று யாரும் கேட்பதில்லை. வரைகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் ஏதாவது ஒன்றை வரைந்தே ஆக வேண்டும். அதே புத்தகத்தில் எம்டன் பக்கம் நன்றாக வந்ததற்கும் இதுதான் காரணம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன என்று இரண்டு வரியில் முடித்திருந்தேன். ஓவியர் விடவில்லை. எத்தனை புகைபோக்கி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து என்று போன் மேல் போன். மூன்று புகைபோக்கிகள் என்பதையும், கப்பல் தன் தேடுவிளக்கைக் கரை மேல் அடித்துவிட்டுத்தான் சுட்டது என்பதையும் அவர் கேட்டதால்தான் தேடிப் பிடித்தேன். கட்டுமரத்துக்கு அவர் கேட்கவில்லை, ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த விஷயம் என்று இருவருமே நினைத்துக்கொண்டோம்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் தெருப்பெயரைக் கேட்டாலே வரலாறு வந்துவிடும். ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து 1856இல் புறப்பட்டு வாலாஜா ரோடு வரை போனதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபை மக்கள் தொண்டியார் என்று கூப்பிட்டதால் அவர் இருந்த இடம் தண்டையார்பேட்டை ஆனது என்று சொல்வார்கள். திருவொற்றியூர் போகும் வழியில் காலடிப்பேட்டை. பெயரைக் கேட்டதும் பாதச் சுவடு ஒன்றை வரையத்தான் எவருக்கும் கை போகும். ஆனால் அது 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடிவைத்த இடம். காலட்பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. அங்கே பாதத்துக்குப் பதில் தறியை வரைய வேண்டும். நான் பிறந்த வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த பேட்டை.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியை உங்கள் மாமனார் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லுவார் என்று நினைக்கிறேன். 1782 பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. அடுத்த புத்தகத்துக்கு இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றைய சத்திரத்தின் முகப்பைக் காட்டும் படம் எதுவும் என் கையில் இல்லை. முன்பு என்றால் நாலு தூண் வைத்து ஒரு கட்டடத்தை வரையச் சொல்லியிருப்பேன், பார்க்கிற குழந்தை அதை உண்மை என்று நம்பியிருக்கும். இப்போது கட்டடமே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பக்கம் முழுக்க நீட்டிய கைகள், மண் கலயங்கள், மேலிருந்து ஒரு அகப்பை. அவ்வளவுதான். அந்த இடத்தில் நிச்சயமாக இருந்தவை இவை.

கோட்டைக்கும் மயிலாப்பூருக்கும் பழைய படங்கள் ஏராளம். வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து வரைந்து வைத்துவிட்டுப் போனார்கள், எங்களுக்குப் பார்த்து வரைவது சுலபம். உங்கள் பக்கத்து வேலைகளில் பாதி, செய்தவர்களின் கையில்தான் இருக்கிறது. எடுத்து எழுதாதது எங்கள் குறை.

இனி செய்யப்போவது இது. அடுத்த பதிப்பில் அந்தப் படம் மாறும். அதற்கு முன்பே சரியான படத்தைத் தனித்தாளாக அச்சடித்து, பழையதன் மேல் ஒட்டிக்கொள்ளும்படி, புத்தகம் போன நூலகங்களுக்கெல்லாம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முதல் தாள் உங்கள் மகனின் பள்ளிக்கு.

அதை வரைய உங்கள் மாமனாரின் உதவி வேண்டும். இப்போது கரையில் எங்கும் ஃபைபர் படகுதான். முழுசாகக் கட்டிய மரம் ஒன்று கிடைக்காவிட்டாலும், அவர் கையால் முடிச்சுப் போட்டுக் காட்டினால் போதும். நடுமரம் எவ்வளவு நீளம், ஓர மரம் எங்கே உயரும், கயிறு எத்தனை சுற்று, ஊறிக் கனத்த மரங்களைக் கரையில் அவிழ்த்துக் காயப்போடும்போது எப்படி அடுக்குவார்கள், எல்லாம் அவர் சொல்லச் சொல்ல வரைய வேண்டும். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். உங்கள் வீட்டுக்காரரும் இருப்பார், பிள்ளைக்கும் லீவு வந்துவிடும். ஓவியரையும் அழைத்துக்கொண்டு அப்போது வரட்டுமா? காலையா சாயங்காலமா, பெரியவருக்கு எது தோது என்று கேட்டு எழுதுங்கள். படம் முடிந்ததும் அவரும் பேரனும் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போகும்.